தட்டில் விழுந்த கிருமி

"என் தட்டுல கிருமி விழுந்திருக்கோன்னு ஒரு சந்தேகம். கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா மேடம்?"

சொன்னது பச்சைப் பொய். சொன்னவுடனே ஈறு சாருக்குக் காது மடல் சூடேறிவிட்டது.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு அந்தப் பெயர்தான். பல் போன இடத்தில் தாடைக்குள் திருகும் டைட்டானிய வேரில் ஈறு எப்படி ஒட்டும் என்பது அவர் வேலை. வேரின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் எலும்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கிருமியும் சேர்ந்து பிடித்துத் தொலைக்கும். ஈறு ஒட்ட வேண்டும், கிருமி ஒட்டக் கூடாது. அதற்காக டைட்டானிய வில்லைகளைத் தேய்த்தும் அமிலத்தில் முக்கியும், கண்ணாடித் தட்டுகளில் வைத்து அவற்றின்மேல் ஈறுச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பாக்டீரியா வளர்ப்பவர் கிருமி மேடம். நெற்றியில் விழும் முடியை அவர் புறங்கையால் ஒதுக்குவதைப் பார்த்துப் பார்த்தே ஈறு சாருக்கு வருஷங்கள் ஓடிவிட்டன. பேசியது "குட் மார்னிங்" மட்டும். அதுவும் பாதி நாள் தொண்டையிலேயே நின்றுவிடும்.

"கொண்டாங்க, பார்த்துடலாம்" என்றார் மேடம்.

டைட்டானியத்தில் வெளிச்சம் ஊடுருவாது. சாயம் ஏற்றி, மேடத்தின் அறையில் இருக்கும் பெரிய மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். மேடம் கறுப்புத் திரைக்குள் போனார். ஈறு சார் வெளியே நின்றார்.

"நீங்க வராதீங்க, வெளிச்சம் பட்டா சாயம் மங்கிடும்" என்றது திரை. பிறகு, "அடடா! நிறைய இருக்கே!"

ஈறு சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய்யாகச் சொன்ன தட்டில் நிஜமாகவே கிருமி!

"நாளைக்கும் கொண்டாங்க. பெருகுதான்னு பார்க்கணும்."

அவர் ஓடிப்போய் மருந்து கலந்தார். மறுநாள் திரைக்குள்ளிருந்து, "சங்கிலி சங்கிலியா நிக்குது" என்று குரல் வந்தது. பாதி வில்லைகளைத் தூக்கிப் போட்டார். "மிச்சத்துலயும் இருக்கு." செல் வளர்க்கும் பெட்டியை ஸ்பிரிட் ஊற்றித் துடைத்ததில் கதவின் ரப்பர் உப்பி, கதவே மூடவில்லை.

நடுநடுவே மேடம் திரைக்குள்ளிருந்தே கேட்பார்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"வீட்டுல யாரு சமைக்கிறா?"

"நானேதான்."

"பாவம்" என்றது திரை.

அந்த ஒரு "பாவம்" போதும், ஈறு சாருக்கு இரவு முழுக்கத் தூக்கம் போச்சு.

பத்தே நாளில் விஷயம் இயக்குநர் காதுக்குப் போயிற்று. "என்னய்யா, ஈறு வளர்க்கச் சொன்னா கிருமிப் பண்ணை வெச்சிருக்கீங்களாமே? எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசா ஆரம்பிங்க. அதுலயும் கிருமி இருந்தா உங்க ஆராய்ச்சியை இழுத்து மூடிடுவேன்."

புதிய வில்லைகளோடு ஈறு சார் திரைக்கு முன் வந்து நின்றார். இருக்கிறது என்றால் வேலை போச்சு. இல்லை என்றாலோ, இங்கே வந்து நிற்க இனி என்ன சாக்கு? இருக்கக் கூடாதே என்று வாய் முணுமுணுத்தது. இருந்துவிடேன் என்று மனசு கெஞ்சியது.

திரைக்குள் வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"இல்லை" என்றார் மேடம். குரல் ஏனோ கம்மியிருந்தது. "சுத்தமா இருக்கு. இனிமே நீங்க வர வேண்டியதில்லை."

"ரொம்ப நன்றி" என்றார் ஈறு சார். வேறென்னவோ சொல்ல நினைத்தார். வில்லைகளை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

மறுநாள் கண்ணாடிக்கு அப்பால் மேடத்தைக் காணவில்லை. சும்மா எட்டிப் பார்க்கப் போனவர், கறுப்புத் திரை திறந்துகிடப்பதையும் மெக்கானிக் ஒருவர் மைக்ராஸ்கோப்பைக் கழற்றி வைத்திருப்பதையும் கண்டார்.

"என்ன ரிப்பேரு?" என்றார், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"லேம்ப் போய் ஒரு மாசமாச்சு சார், இதுல ஒண்ணுமே தெரியாது. நான் எப்ப வர்றேன்னாலும் அந்த மேடந்தான், 'ஒரு அவசரமும் இல்ல, மெதுவா வாங்க'ன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க."