கம்பிவடத்தைத் தாண்டாதீங்க

சேற்றில் புதைந்திருந்த அத்தானின் வேனில் கம்பிவடத்தின் கொக்கியை மாட்டிவிட்டு, "மன்னிச்சிடுங்க" என்று சொல்லத்தான் மெக்கானிக் வாயைத் திறந்தான். வந்ததோ வேறு.

"கம்பிவடத்தை யாரும் தாண்டாதீங்க. அறுந்தா காலை எடுத்துடும்."

அத்தான் வேனில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீடு மாற்றும்போது, அத்தான் போட்ட முடிச்சு அவிழ்ந்து பீரோ கீழே விழுந்தது. "ஒரு கயிறு கட்டத் தெரியாத ஆளுக்கா எங்க அக்காவைக் கொடுத்தோம்?" என்று பத்துப் பேர் முன்னால் மெக்கானிக் கேட்டுவிட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அந்த வாக்கியம் மட்டும் அவனை விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது. இன்று காலை அக்கா போன் செய்ததும், வண்டிகளை இழுக்கும் வின்ச் வைத்த ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

"சாப்பிட்டுதானேடா போவே?" வீட்டு வாசல் கேட்டைப் பிடித்தபடி அக்கா கேட்டாள்.

அத்தான் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை. "பத்து நிமிஷ வேலைக்கா. வண்டி ஏறினதும் கிளம்பிடுவேன். அத்தான், நியூட்ரல்ல போடுங்க."

"போட்டாச்சு."

அறுந்தாலும் துள்ளாமலிருக்க வடத்தின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினான். தள்ளி நின்று ரிமோட்டை அழுத்தினான். வடம் விறைத்தது. வேன் அசையவில்லை, ஜீப்தான் வேனைக் கட்டிக்கொள்ளப் போவது போல முன்னால் வழுக்கியது.

ஜீப்பின் பின்பக்கத்தை வாசல் கேட்டின் தூணோடு கட்டினான். மறுபடி அழுத்தினான். தூண் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாய்ந்தது. கேட்டும் கூடவே போனது.

"அந்தத் தூண் உனக்கு என்னடா பாவம் பண்ணிச்சு?" என்றாள் அக்கா.

வேனுக்குப் பின்னால் இருந்த கடையின் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி இறங்கி வந்தார். "தம்பி, நான் ஒண்ணு..."

"பெரியவரே, அங்கேயே நில்லுங்க. கிட்ட வராதீங்க."

இந்தமுறை தெருவோர மரத்தின் அடியில் அகலமான நைலான் பட்டையைச் சுற்றி, ஜீப்பை அதோடு பிணைத்தான். வேனில் கப்பியை மாட்டி, வடத்தை அதில் மடக்கி ஜீப்புக்கே கொண்டுவந்தான். இழுவை இப்போது இரட்டிப்பு. அழுத்தினான். மரம் நின்றது, ஜீப் நின்றது, வேனும் நின்றது. வின்ச்சிலிருந்து மட்டும் புகை வந்தது.

வடத்தைத் தளர்த்திவிட்டு வேனின் கதவருகே போய்ச் சேற்றிலேயே குத்துக்காலிட்டான்.

"கயிறு கட்டத் தெரியாதவன் நான்தான் அத்தான். அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ரெண்டு வருஷமா வாசல் வரைக்கும் வர முகம் இல்ல. நான் இன்னைக்கு எங்கேயும் போகலை. முதல்ல அந்தத் தூணை நிறுத்தணும்."

அத்தான் சீட்டில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை இழுத்துப் பாரு மாப்ள."

அழுத்தினான். வேன் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி மேடேறி வந்து நின்றது.

"பார்த்தியாக்கா," என்றான் மெக்கானிக், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் கப்பியோட வேலை."

தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

"கப்பியில ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க இழுத்தப்பல்லாம் வேனுக்குப் பின்னாடி பிரேக் லைட்டு எரிஞ்சுகிட்டே இருந்துச்சு, இப்பதான் எரியல."