சிவப்புப் பொத்தானுக்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு, சென்ற தை மாதம் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்குக் 'கேன் பஸ்' வரும்வரை அது சும்மாதான் இருந்தது. இதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். நான் அங்கே மனிதவள மேலாளர். பெருமைப்படுவது என் உத்தியோகம்.

கேன் பஸ் என்பது பல்லடம் போகும் பஸ் அல்ல. முறுக்கிய இரண்டு ஒயர்கள், அவ்வளவுதான். மெஷின், விளக்கு, விசிறி, ஏசி எல்லாம் அந்த ஒயரில்தான் பேசிக்கொள்ளும். முதலாளி எந்த ஊரில் இருந்தாலும் கைபேசியிலேயே அத்தனையையும் ஆட்டிவைக்கலாம். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் உண்டு. இதைப் பொருத்த வந்த என்ஜினியர் கவின், பாவம், உலகம் தெரியாதவர்.

"சின்ன நம்பர் பேசறப்ப பெரிய நம்பர் வாயத் தொறக்காதுங்க. அதனால மெஷினை நிறுத்தற செவப்புப் பொத்தானுக்குத்தான் ஒண்ணாம் நம்பர் குடுக்கோணுங்க" என்றார்.

முதலாளி ஆத்தப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, அந்தப் பொத்தானை ஆரு அமுக்குவாங்க?"

"மெஷின்ல நிக்கறவங்கதானுங்க."

"அப்ப லேபருக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டுங்களா? எங்க கோயில்ல எனக்குப் பரிவட்டம் கட்டாம இன்னொருத்தருக்குக் கட்டுனதில்லீங்க."

விஞ்ஞானம் பரிவட்டத்துக்கு வழிவிட்டது. உடனே 'மரியாதை வரிசைக் குழு' அமைக்கப்பட்டு மூன்று கூட்டங்கள் கூடின. முதலாளி அறை ஏசிக்கு ஒன்று. அவருடைய காபி மெஷினுக்கு இரண்டு. மகள் அனுப்பிரியாவின் ஏசிக்கு மூன்று. மருமகன் தரணீதரனின் ஏசிக்கு நான்கு. அதில் அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கம்பெனிப் பக்கம் வரவில்லை. மீன்தொட்டி விளக்குக்கு ஐந்து. இப்படியே இறங்கி, சிவப்புப் பொத்தான்களுக்குக் கடைசி எண்கள். பட்டியலைத் தட்டச்சு செய்தவன் அடியேன்.

"பழைய பொத்தான் நேரா கரண்டை நிறுத்துமுங்க. அதையாச்சும் வுட்டு வைக்கலாங்க" என்று கவின் கெஞ்சினார். பழையதும் புதியதும் அருகருகே இருந்தால் அழகு கெடும் என்று குழு கருதியது.

முதலாளி இன்னோர் உத்தரவும் போட்டார்: "நான் போனைத் தொறந்தா, எம்பட ரூம் சாமானெல்லாம் ஓயாம எனக்குச் சேதி சொல்லீட்டே இருக்கோணும்."

சித்திரையில் மூலனூரில் முதலாளியின் மாமன் ஆறுச்சாமி வீட்டு விசேஷம். நானும் கூடப் போயிருந்தேன். பந்தி முடிந்ததும் முதலாளி கைபேசியைத் திறந்து 'செயல்விளக்கம்' ஆரம்பித்தார்.

"பாருங்க மாமா, இங்கிருந்தே ஏசியக் கூட்டறேன்!"

"அட! மீனுக்கு லைட்டைப் போடுங்க மாப்ளே!"

என் அறை விசிறியையும் ஒருதரம் சுற்றவிடும்படி நான் பணிவோடு கேட்டுக்கொண்டேன். சுற்றவிட்டார். பந்தலே கைதட்டியது.

அதே நேரத்தில் கம்பெனியில், துணியை அழுத்தும் ரோலர் மெஷினில் நாகஜோதியின் கை மாட்டியது. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து ஆறு வருடமாக எங்களிடம் வேலை பார்ப்பவர். இன்னொரு கையால் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அதன் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. முன்னால் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்ததால் பொத்தான் ஒழுக்கமாகக் காத்து நின்றது. கருவியில் கோளாறே இல்லை என்று சான்றிதழ் கொடுக்க நான் தயார்.

பக்கத்து மெஷின் மூக்கையாவுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். மூலனூரில் ஏசி, மீன் எல்லாம் திரையிலிருந்து மறைந்தன, மாமன் சிரித்துவிட்டார். மறுநாளே மூக்கையாவுக்கு மெமோ போனது: 'செயல்விளக்கத்துக்குக் குந்தகம் விளைவித்தமை.' அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாகஜோதிக்கு இரண்டு விரல்கள் போயிருந்தன.

"மொதலாளி ரொம்ப வருத்தப்பட்டாரும்மா. உங்க பொத்தானுக்குப் பதவி உயர்வு குடுத்திருக்காரு. இனிமே அது இருநூத்திப் பத்து."

நாகஜோதி தன் கையின் கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மூணு தடவ அமுக்குனேன் சார். அப்ப ஆளில்லாத ஒங்க ரூம்ல ஃபேன் சுத்துச்சு. அதுக்கு என்ன நம்பரு?"

"ஆறு" என்றேன்.

அந்த எண் மட்டும் குழு கொடுத்ததில்லை. தட்டச்சு செய்யும்போது நானே போட்டுக்கொண்டது.