பன்னிரண்டாம் எண் கேடயம்

ஓஹியோவில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற வெர்லின் ஸ்டாஃபர் மாபெரும் தீர்மானம் ஒன்று எடுத்தார். இந்த வருட விருந்திலாவது மனைவி லொரெட்டா தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக அவர் அந்தக் கால ஐரோப்பியப் பிரபுவாக வேடம் கட்டுகிற கூட்டத்தில் இருக்கிறார். பிரபுக்களின் குலச்சின்னத்தைக் கேடய வடிவில் செய்து காட்டும் போட்டிக்கு அவர்தான் நடுவர். விருந்தில் ஜோடி ஜோடியாக ஒரே ரொட்டியைப் பிய்ப்பார்கள். வெர்லின் தன் கோழிக்காலோடு பேசிக்கொண்டிருப்பார்.

திட்டம் எளிது. லொரெட்டா பெயரில் ரகசியமாக ஒரு கேடயம். நீலத்தில் மூன்று வெள்ளி வாத்து. முதல் பரிசை வென்றவர் நேரில்தான் வாங்க வேண்டும். அறிவித்ததும் போன் போட்டால் வந்துதானே ஆகணும்?

போட்டி மேசையில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். அவருடையது ஏழு. முழு மதிப்பெண் போடப் பென்சிலை எடுத்தவர், பன்னிரண்டாம் எண்ணைப் பார்த்து நின்றுவிட்டார்.

கருநீலத் துணியில் தங்க இழையில் ஒரு தபால் கொம்பு, அந்தக் காலத் தபால்காரர்கள் ஊதிக்கொண்டு வருவது. தங்கத்தின் மேல் வெள்ளி வரக் கூடாது என்ற விதியில் பாதிப் பேர் சறுக்குவார்கள். இதில் ஒரு தையல்கூடப் பிசகவில்லை. கூடவே ஆறு பக்க ஆதாரக் குறிப்பு. வெர்லின் மேசையை மூன்று முறை சுற்றி வந்தார். பென்சில் பொய் சொல்ல மறுத்தது. இந்த வருடமும் கோழிக்கால்தான் என்று பெருமூச்சு விட்டுப் பன்னிரண்டுக்கே முதலிடம் போட்டார்.

எண்ணை வாசித்ததும், பச்சை அங்கியும் தலைத்துணியுமாகப் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள் லொரெட்டா.

"நீயா!"

"தபால் கொம்பப் பாத்துமா புரியல? பிறந்த வீட்டுப் பேர்ல போட்டேன்."

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா சாப்பாட்டு மேசையில பாடம் நடத்துனது யாரு? என் பேர்ல நீ போட்டதுக்கு ஒப்புகைச் சீட்டு வீட்டுக்குத்தான் வந்துச்சு, தபால்காரரே. அது சரி, அந்த வாத்துக்குக் கழுத்து எங்க?"

"அத விடு. இத்தனை வருஷம் ஏன் வரல?"

"நீ எப்ப கூப்பிட்ட? வருஷா வருஷம் வாசல்ல நின்னு, 'நீ வர மாட்ட, இல்ல?'ன்னு கேப்ப. வர மாட்டேன்னேன்."

"இப்பக் கூப்பிடுறேன். என் பக்கத்துல வந்து உக்காரு."

"ஜெயிச்சவங்களுக்கு மேடையில தனி மேசையாமே? பரிமாற ஒரு ஆளையும் நானே பொறுக்கிக்கலாமாம்." அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தோள்ல துண்டப் போடு."

பக்கத்தில் உட்காரத் தவித்த மனிதர், அன்று விருந்து முடியும்வரை அவளுக்குப் பின்னால் குழம்புக் கிண்ணத்தோடு நின்றார்.