மூன்றாம் ஓலையில் கலந்த நல்லடக்கம்

திண்டிவனம்,
14 மே 2013

பெருமதிப்பிற்குரிய மாமா சவுரிராயன் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைவரை உங்கள் வருங்கால மருமகனாக இருந்தவனும், இனியும் அப்படியே இருக்கப்போகிறவனுமாகிய வளன் பணிவோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம். விழுப்புரத்தில் தங்கள் நலமும் அத்தையின் முழங்கால் நலமும் அறிய ஆவல். நீங்கள் என் போனை எடுக்காததால் இதை, பலகையைச் சரிபார்க்க இன்றும் வந்திருக்கும் உங்கள் மகள் ஜெசி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது என்னவென்று தெரிந்தால் நீங்களே சிரிப்பீர்கள். எங்கள் பங்குக் கோயில் வாசலில் எழுத்து ஓடும் மின்பலகையைச் செய்து வைத்ததே நானும் உங்கள் மகளும்தான். இயந்திரத்தோடு நேராகப் பேசும் சி மொழி நிரல் அவளுடையது. அறிவிப்பை அழகாக ஓடவிடும் பைத்தான் மொழி நிரல் என்னுடையது. பலகைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் சின்னது, அவள் எழுதியதை நான் காப்பி எடுத்தால் எழுத்து திக்கித் திக்கி ஓடும். அதனால் மெமரியில் ஒரே இடத்தை இருவரும் வைத்துக்கொள்வோம், அவள் எழுதட்டும், நான் அங்கேயே படிக்கிறேன் என்று யோசனை சொன்னவன் நான்தான். பாதரே பார்த்துவிட்டு, "சும்மா வழுக்கிக்கினு போவுதுப்பா" என்று பாராட்டினார்.

ஞாயிறு காலை முதலில், "மரியாதைக்குரிய மாசிலாமணி அவர்களின் நல்லடக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு, மலர்வளையத்தோடு வரவும்" என்று ஓடியது. அடுத்தது, யாருக்காவது தடை இருந்தால் சொல்லச் சொல்லும் எங்கள் கல்யாண அறிவிப்பு, மூன்று ஞாயிறு வாசிக்கும் ஓலைகளில் கடைசியானது. அது சின்னது. ஜெசியின் நிரல் அதைப் பழைய அறிவிப்பின் தலைமேலேயே எழுதிவிட்டு, மிச்சமிருந்த வாலைத் துடைக்காமல் விட்டுவிட்டது. என் நிரல் பாவம், இருந்ததைப் படித்தது: "வளன், ஜெசி, மூன்றாம் ஓலை அவர்களின் நல்லடக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு, மலர்வளையத்தோடு வரவும்." உங்கள் தங்கை அமலோற்பவமேரி அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்து, "ஐயோ, ரெண்டு பேரையும் ஒண்ணா எடுத்துக்கினாரே ஆண்டவரு!" என்று அலறி, "அண்ணா, ஜல்தி வா" என்று உங்களுக்குப் போனும் போட்டுவிட்டார்கள். நான் உள்ளே கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பலகையைப் பார்க்கக் காலை ரயிலில் வந்திருந்த ஜெசியின் போனில் சார்ஜ் இல்லை. நீங்கள் வேன் பிடித்து, சொந்தபந்தத்தோடு, மலர்வளையமும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கியபோது அவள் எதிர்க்கடையில் அவித்த மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். "இன்னாப்பா, யாருக்கு மாலை?" என்று அவள் கேட்டிருக்கக் கூடாதுதான். அவளைக் கட்டிக்கொண்டு நீங்கள் அழுத சத்தம் கேட்டு நானும் வெளியே ஓடி வந்தேன். கண்ணைத் துடைத்த கையோடு என் பக்கம் திரும்பினீர்களே, அதுதான் பேஜாராகிவிட்டது. "பொண்ணு செத்துட்டான்னு போர்டுல போடுறவன் கையில எப்படிடா பொண்ணைக் குடுக்கிறது? கல்யாணமும் வாணாம், ஒண்ணும் வாணாம்!" என்று சொல்லி வேன் ஏறிவிட்டீர்கள்.

மாமா, நிதானமாக யோசியுங்கள். இதில் என் தவறு எங்கே இருக்கிறது? வளர்ப்பில் குறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் துடைத்துவிட்டு எழுத வேண்டும் என்று உங்கள் மகளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம். போகட்டும், நானே பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகத் திருத்தப்போகிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் இப்படித்தான் திருத்துவேன். நீங்கள் தைரியமாகப் பெண்ணைக் கொடுக்கலாம்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் கோபத்தையும் ரத்தக்கொதிப்பையும் ஆண்டவர் சேர்த்தே இறக்கிவைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன், சந்தேகமே வேண்டாம்,
வளன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஜெசி பிடுங்கிப் படித்துவிட்டாள். "எத்தினி எழுத்து இருக்குதுன்னு ஒவ்வொரு தடவையும் நான் உனக்குச் சொல்றேன் இல்ல? அத்தோட நிறுத்தாம கடைசி வரைக்கும் எதுக்குப் படிச்ச?" என்று கேட்டாள். என் நிரலைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்ன கணக்கை அது காதிலேயே வாங்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது. கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றால், "அப்படியே குடு, அப்பா படிக்கட்டும்" என்கிறாள். மாமா, இப்போது கல்யாணம் வேண்டாம் என்பது அவள்தான். எனக்காக நீங்கள் கொஞ்சம் அவளிடம் பேசிப் பாருங்கள்.