அலைக்காரரின் கண்டென்சர் மூட்டை

கரண்டைப் பற்றி உலகத்திலேயே அதிகமாகப் பேசி, உலகத்திலேயே குறைவாக விளக்கெரிய வைத்த மனிதர் எங்கள் அலைக்காரர்தான். மோட்டாருக்குச் சுருள் கட்டுபவர் என்று கடைப் பலகை சொல்லும். நம்ப வேண்டாம். அவருடைய உண்மையான தொழில் அலை வரைவது. சேந்தமங்கலம் பக்கம் டீக்கடைச் சுவர், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், நின்றிருக்கும் லாரியின் தூசி என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஒரே கோடு. சொந்தப் பெயரை ஊர் மறந்தே போனது.

மிக்ஸி ஓடவில்லை என்று கொண்டுபோனால் ஓட வைக்க வேண்டியதுதானே? மாட்டார். சாக்பீஸை எடுப்பார்.

"கரண்டு வாய்க்கால் தண்ணியாட்டம் ஒரே பக்கமா ஓடறதில்லீங்க அம்மிணி. தூரி ஆடற மாதிரி அக்கட்ட போகுது, இக்கட்ட வருது. செகண்டுக்கு அம்பது வாட்டி! மொதல்ல வோல்டேஜ் ஏறும். சுருளுக்குள்ள கரண்டு பிந்தித்தான் ஏறும். கண்டென்சர்ல பாருங்க, கரண்டு முந்திக்கும்."

அதற்குள் அந்த அம்மாள் பக்கத்து வீட்டில் சட்னி அரைத்து, நாலு இட்லியும் தின்று முடித்திருப்பார்.

சொன்ன நேரத்துக்கு அவர் வந்ததாகச் சரித்திரம் இல்லை. "ஏனுங்க, நீங்க சுருளா, கண்டென்சரா?" என்று ஒருநாள் கேட்டேன். தாடையைச் சொறிந்து வெகுநேரம் யோசித்து, "சுருளுதானுங்க சாமி" என்றார். கிண்டல் கூட உறைக்காத ஆளை என்ன செய்வது?

ஒரு புதுவீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் முதல் விளக்கைப் போட்டார். எல்லோரும் கைதட்டும்போது இவர், "இது செகண்டுக்கு நூறு வாட்டி மங்கி மங்கித்தான் எரியுதுங்க, நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல" என்றார். வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. பந்தியில் இவர் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அப்போது நான் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். ஜன்னலே இல்லாத ஷெட். ஒரு கோடியில் தண்ணீர் சொட்டும் ஈரச் சுவர், மறு கோடியில் காற்றை இழுத்து வெளியே தள்ளும் ஏழு பெரிய விசிறிகள். விசிறி நின்றால் கோழிக்கு மூச்சு நின்றது போல. அங்கே அழைப்பு மணியைப் பழுதுபார்க்க வந்த அலைக்காரர், கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் அட்டவணையை அழித்துவிட்டு அந்தப் பலகையில் அலை வரைந்து வைத்தார். "இனி இந்தப் பக்கம் தலை காட்டாதீங்க" என்று வாசல்வரை விரட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நடுப்பகலில், பண்ணைக்கு வரும் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய்விட்டது. எங்கோ லைன் மேல் மரம் சாய்ந்திருந்தது. நாலு மணிக்குத்தான் வரும் என்றார்கள் மின்வாரியத்தில். ஜெனரேட்டரோ பழுதுக்குப் போய்ப் பட்டறையில் பிரித்துப் போடப்பட்டிருந்தது. விளக்கு எரிந்தது; மூன்று பேஸும் வேண்டிய விசிறிகள் உறுமினவே தவிரச் சுற்றவில்லை. பத்தாயிரம் கோழிகளும் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

எனக்குத் தெரியாத வித்தையா? நீளமான கழியால் ஒரு விசிறியின் இறக்கையைத் தள்ளிவிட்டேன். சுற்றியது! மீசையை முறுக்கிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் மோட்டார் புகைந்து கருகிப்போனது.

"இன்னும் ஒரு மணி நேரம் போனா ஒரு உசுரு மிஞ்சாது" என்று கத்திய பண்ணைக்காரம்மா, என்னைக் கேட்காமலே அலைக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

மனிதர் பத்தே நிமிடத்தில் மொபெட்டில் வந்து நின்றார். பின்னால் ஒரு சாக்கு மூட்டை. மோட்டார்களிலிருந்து கழற்றிப்போட்ட பழைய கண்டென்சர்கள். பழைய இரும்புக்காரன்கூட வாங்க மாட்டான் என்று நானே எத்தனையோ முறை சிரித்த மூட்டை அது.

"சுருள் நாறுதே, யாரு கழி போட்டது?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ரெண்டு அலை இருக்குதுங்க, மூணாவது இல்ல. கண்டென்சர்ல கரண்டு முந்தி வருமில்லீங்களா, அதையே மூணாவதா நிறுத்திப் போடறேன்" என்று சுவரில் கோடு இழுக்கப் போனார்.

"ஏனுங்கண்ணா, படத்தை அப்பறமா வரையுங்க!" என்று பண்ணைக்காரம்மா அலறினார்.

மெயினை அணைத்து, ஒயர்களை மாற்றிக் கட்டி, திரும்பப் போட்டார். ஒரு விசிறி முனகிக்கொண்டே சுற்றியது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. "இது வைத்தியமில்லீங்க, முதலுதவி. மூணுக்கு மேல ஓட்டுனா கண்டென்சர் தாங்காது" என்றார். மூன்று போதுமாக இருந்தது. கோழிகள் ஒவ்வொன்றாக வாயை மூடின. இவர்தான் வாயை மூடவில்லை.

கண்டென்சர்கள் கொதித்தன. விசிறிக் காற்றெல்லாம் கோழிக்குப் போக, இவர் வெளியே தகரக் கூரையின் அடியில் குத்துக்காலிட்டு, ஒரு முட்டை அட்டையால் கண்டென்சர்களுக்கு விசிறத் தொடங்கினார். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. சட்டை தொப்பலாகி முதுகோடு ஒட்டிக்கொண்டது. "நான் விசிறறேன், எந்திரிங்க" என்றால் எழவில்லை. "வேண்டாமுங்க சாமி, எனக்குத்தான் இதோட சூடு தெரியும்" என்றார். விரட்டிவிட்ட அதே வாசலை என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை; அவ்வளவு வெட்கமாக இருந்தது.

நானும் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். லைன் வரும்வரை அவர் கண்டென்சருக்கு விசிறினார். நான் அவருக்கு விசிறினேன்.