கோறை மாபிள்

உதயகலா சோற்றுக் கோப்பையோடு ஹோல் நடுவில் அசையாமல் நின்றாள்.

“இஞ்சேருங்கோ, இப்பவும் கேட்டுது. நான் நிண்டாப்பிறகும் ஆரோ பின்னாலை நடந்து வந்து நிண்டமாதிரி.”

“உது நிலத்து மாபிள்,” என்றான் புருசன் வாகீசன். “அடியிலை கோறை, சீமெந்தில்லாமல் வெறும் பொள்ளல். நீர் காலை எடுத்தாப்பிறகுதான் மாபிள் மேலை எழும்புது. அதுதான் சத்தம் பிந்திக் கேக்குது.”

நீர்வேலியில் பழைய வீடொன்றை இடித்துவிட்டுக் கட்டிய புதுவீடு. புதுமனை புகுந்த குடிபூரலுக்கு வாசலில் கட்டிய வாழைகள் இன்னும் காயவில்லை. உரக்கடை நடத்தும் வாகீசனுக்குப் பேயென்றால் சிரிப்பு வரும். வேலைகாரர் பிழைவிட்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மறுநாள் உதயகலா உடுப்புப் பையோடு இணுவிலுக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

“சத்தம் நிக்கட்டும், வாறன்.”

அவள் இல்லாத வீடு அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, மாபிள் பதித்த றஜிந்தன் மேல் மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்தான்.

சபையில் இருந்தவர் பரமலிங்கம், இளைப்பாறிய தபாலதிபர். “ஏன் தம்பி உள்ளுக்கை வெறுமையா விட்டனீர்?” என்று றஜிந்தனைக் கேட்டார்.

“குடிபூரலுக்கு நாள் வைச்சிட்டினம் ஐயா. முதல் நாளும் நான் ஒட்டிக்கொண்டுதான் இருந்தனான். நாலு மூலைக்கும் சீமெந்து வைச்சு அமத்தினன். நடுவுக்கு நேரமில்லை.”

“நாள் வைச்சது ஆர்?”

வாகீசன் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான்.

“சரி. அடுத்த அமர்வு வரைக்கும் நட்டத்தைப் பெருக விடாதையும் வாகீசன். உம்மாலை ஏலுமானதைச் செய்து குறையும். சும்மா பாத்துக்கொண்டிருந்திட்டு, பெருத்த நட்டத்தை றஜிந்தன்ரை தலையிலை கட்டேலாது.”

வாகீசன் அன்றைக்கே நட்டத்தைக் குறைக்கத் தொடங்கினான்.

முதலில் ஹோல் முழுக்கப் பாய் விரித்தான். பொழுதுபட்டதும் யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடப்பதுபோல் கேட்டது. அதுவரை விறைப்பாக நடந்தது இப்போது களைத்துப்போய் நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாரம் வைத்தால் அமர்ந்துவிடும் என்று, மோசமான மாபிளின் மேல் அலுமாரியைத் தள்ளி வைத்தான். மாபிள் அமர்ந்தது. ஆனால் அவன் குசினிக்குள் கால் வைத்ததும் அலுமாரிக் கதவு மெல்லத் திறந்தது. உதயகலாவின் சேலைகள் வெளியே எட்டிப்பார்த்தன. சாத்திவிட்டுத் திரும்பினான், மறுபடி திறந்தது. கயிறு போட்டுக் கட்டினான். அதன்பிறகு கதவு உள்ளிருந்து கிடுகிடுத்தது.

கடைசியில் மாபிளில் துளை போட்டுச் சீமெந்துக் கூழை ஊற்றினான். கூழ் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எங்கே போகிறது என்று அவன் யோசிப்பதற்குள் சாமியறை மாபிள் படீரென்று எழும்பி வெடித்தது. சத்தமும் சாமியறைக்குக் குடிபோய்விட்டது.

அந்த நேரம் பார்த்து உதயகலா போன் எடுத்தாள்.

“சத்தம் நிண்டிட்டுதோ?”

“ஓம் ஓம், நிண்டமாதிரித்தான்.”

“அப்ப ஏன் வீட்டுக்குள்ளை நடந்து நடந்து கதைக்கிறியள்? காலடி கேக்குது.”

வாகீசன் கதிரையில் இருந்துகொண்டுதான் கதைத்தான். இரண்டு காலையும் மெல்லக் கதிரைக்கு மேலே தூக்கி வைத்தான்.

“வெய்யில் தாழ்ந்தா மாபிள் சுருங்குமப்பா,” என்றான். சொன்னது அவளுக்கா தனக்கா என்று தெரியவில்லை.

அடுத்த அமர்வில் றஜிந்தன் கையை விரித்தான். “நான் விட்டது கோறை மட்டும் ஐயா. வெடிச்சதெல்லாம் அண்ணை செய்தது.”

வெடித்த மாபிளைப் போனில் பிடித்த படங்களைப் பார்த்த பரமலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “நட்டத்தைக் குறையும் எண்டால், நீர் அதைக் குட்டி போட வைச்சிருக்கிறீர்!”

ஒருவழியாக இணக்கம் வந்தது. உடைந்த மாபிள் வாகீசனின் பொறுப்பு. முழுவதையும் கிளப்பித் திரும்பப் பதிப்பது றஜிந்தனின் பொறுப்பு. இந்தமுறை யாரும் நாள் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. வேலை முடிந்ததும் றஜிந்தன் ஒவ்வொரு மாபிளாகத் தட்டிக் காட்டினான்.

“கல்லு மாதிரி இருக்குது அண்ணை. இனி ஒரு சத்தமும் வராது.”

உதயகலா வந்தாள். ஹோலில் நடந்தாள், நின்றாள், காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை.

“மெய்தான், மாபிள்தான்! நான் வீணாப் பயந்துபோனன்,” என்று சிரித்தாள். வாகீசனுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

பக்கத்து வாழைத்தோட்டக்காரி குணலட்சுமி, அங்கேயே பிறந்து வளர்ந்தவள், அவளைப் பார்க்க ஒரு வாழைப்பொத்தியோடு வந்தாள். உதயகலா நடந்து வருவதை வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே வரவில்லை.

“என்ன பிள்ளை, வீட்டுக்குள்ளை ஒரு சத்தத்தையும் காணேல்லை?”

“எல்லாத்தையும் திருத்திப்போட்டம் அக்கா!” என்று வாகீசன் நெஞ்சை நிமிர்த்தினான்.

குணலட்சுமி வாழைப்பொத்தியை வாசற்படியிலேயே வைத்தாள்.

“ஐயோ தம்பி, பழைய வீட்டுக்காரர் காலடிச் சத்தத்தை வைச்சுத்தானே உள்ளுக்கை நடமாடுற அந்தாளுக்கு வழி விலத்தி நடந்தவை, இனி அது எங்கை நிக்குதெண்டு நீங்கள் எப்பிடி அறியிறது?”