நங்கை என்றொரு நல்ல தமிழ்ச் சொல்

ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன துக்கத்தை, பெயரை மறைத்து ஊருக்குச் சொன்னால் அது தப்பா, தப்பில்லையா? பி.எட். முடித்து ஏழு வருஷமாகிறது. இந்தக் கேள்வியில் மட்டும் நான் இன்னும் பாசாகவில்லை.

சேலத்தில் படித்தபோது உளவியல் பாடத்துக்கு மனநலம் பற்றி ஒரு திட்டப்பணி கொடுத்தார்கள். தெரிந்த ஒருவரின் மனநிலையைச் சில வாரம் கவனித்து, பெயரை வெளியிடாமல் எழுதி, வகுப்பில் விளக்க வேண்டும். மற்றவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை நகம் கடிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் கடமை தவறாத மாணவி அல்லவா? வீட்டிலேயே ஆளைப் பிடித்தேன். என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது நங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். ஒருநாள் மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதுகொண்டிருந்தார். "புள்ளயத் தூக்கறதுக்கே பயமா இருக்குது கண்ணு. கீழ போட்டுருவனோன்னே நெனப்பா இருக்குது. ஊட்ல யாருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி" என்றார்.

நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. (சத்தியமாக. முப்பத்தெட்டுப் பேர் இருந்த வகுப்பில்தான் சொன்னேன்.)

வகுப்பில் விளக்க வேண்டிய அன்று ராசிபுரத்தில் பஸ் ஏறினேன். நான் சுருட்டி வைத்திருந்த சார்ட்டைப் பார்த்த கண்டக்டர், "பாயிக்கு லக்கேஜ் வாங்கோணுமுங்க" என்றார். வகுப்பில் அதை விரித்து மாட்டினால், நான் வரைந்த தாயின் முகம் மேச்சேரி ஆட்டைப் போல இருந்தது. முதல் வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பில், ‘திருமதி க’ என்று மனப்பாடம் செய்திருந்த பெயர் பறந்துபோனது. "நங்கை காலையில் சாப்பிடுவதில்லை. நங்கை குழந்தையைத் தொட அஞ்சுகிறார்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தேன்.

எங்கள் விரிவுரையாளர் தஞ்சாவூர்க்காரர். எழுந்து நின்று பாராட்டினார். "பேஷண்ட், கேஸ்னெல்லாம் சொல்லாம, நங்கைன்னு எவ்வளவு அழகான தமிழ்ல சொல்லுச்சு பாருங்க இந்தப் பொண்ணு!" இலக்கியத்தில் நங்கை என்றால் சிறந்த பெண்ணாம். நான் அடக்கமாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து எங்கள் பக்கத்துக்காரி, திருச்செங்கோட்டு மல்லிகா எழுந்தாள். அவளுக்கு அகராதி தேவைப்படவில்லை.

"ஏம்புள்ள, உங்க நங்கைக்கு இப்பத் தேவலையா?"

மல்லிகா நல்லவள். கவலைப்பட்டுத் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா அடுத்த முகூர்த்தத்தில், ஒரு கல்யாணப் பந்தியில், மல்லிகா எங்கள் குடும்பத்தைக் காட்டிவிட, எங்கள் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, "ஏஞ்சாமி, காலேஜ்ல உன்னையப் பத்திச் சொன்னாங்கன்னு எம்புள்ள சொன்னா. இப்பப் புள்ளயத் தூக்கறயா? பயமெல்லாம் போயிருச்சா?" என்று நங்கையிடம் கேட்டார்.

அண்ணன் நங்கையைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். நங்கை என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அதெல்லாம் காலேஜ்ல பாடம் நடத்தி முடிச்சுட்டாங்க. நான் பாசா பெயிலான்னுதான் ஒருத்தரும் சொல்லல."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். (நான் செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் ரகசியம் பேசினாலும், "மெல்லப் பேசுங்க, சார்ட்டு வரஞ்சிருவா" என்பார் அண்ணன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது நங்கைதான். ஆனால் அதற்குப் பிறகு தன் விஷயம் ஒன்றைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை. அந்தப் பயம் எப்போது போனது, எப்படிப் போனது, எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தால் இப்போது உதவியிருக்கும். என் மகளுக்கு மூன்று மாதம். பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு படி இறங்க எனக்குக் கால் வரவில்லை. தினமும் கால்களை நீட்டி உட்கார்ந்து அவளைக் குளிப்பாட்டுவது நங்கைதான். போன வாரம் ஈரக் குழந்தையை என்னிடம் நீட்டினார். நான் வாங்காமல் துண்டைத் தேடுவதுபோல் நடித்தேன். துண்டு என் தோளிலேயே இருந்தது.

"உனக்கு ஒண்ணுமில்லயே கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க நங்கை."

அடுத்த மாதம் பள்ளிபாளையத்துக்கு, என் கணவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அதற்குள் நங்கையிடம் பேச வேண்டும். முதலில் மன்னிப்புக் கேட்பதா? கேட்டால், அவர் வேடிக்கையாக்கி மூடி வைத்த காயத்தைக் கிளறியதாகிவிடுமோ? கேட்காமல் என் பயத்தை மட்டும் சொல்வதென்றால், எந்த முகத்தோடு சொல்வது? அனுபவப்பட்ட சகோதரிகள் யாராவது முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். மிச்சத்தை நான் அழுதாவது சொல்லிக்கொள்கிறேன்.